பனகல் பார்க் வரை

டில்லிபாபு நாவல் எழுதப் போகிறான் என்று அவன் வாயாலேயே கேட்டபோது நான் பட்டினப்பாக்கம் டீக்கடையில் இருந்தேன். வாயிலிருந்த டீயைத் துப்பாமல் விழுங்கியதே பெரிய காரியம். இருபது வருடத்துக்கு மேல் நான் ஓட்டிய பஸ்ஸில் அவன்தான் கண்டக்டர். டிரிப் ஷீட்டில் எண்களை நிரப்பியதைத் தவிர அவன் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. லீவு லெட்டரைக்கூட என்னைத்தான் எழுதச் சொல்வான். நானும் 'உடல்நலம் சரியில்லாத காரணத்தால்' என்று எழுதி எழுதியே அவனை நிரந்தர நோயாளி ஆக்கி வைத்திருந்தேன்.

"இன்னா நைனா சிரிக்கிற? நவம்பர் ஒரு மாசம். அம்பதாயிரம் வார்த்தை. அவ்ளோதான்" என்றான், ஏதோ வடபழனிக்கு ஒரு டிரிப் அடித்துவிட்டு வருகிறவன் மாதிரி.

மந்தைவெளியில் அவன் பேப்பர் படிக்கப் போகும் நூலகத்தில் சிம்ரா என்று ஒரு பெண் நோட்டீஸ் ஒட்டியிருந்தாளாம். வேளச்சேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவள். யார் வேண்டுமானாலும் சேரலாம். தினமும் எழுதியதை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஒரு மாதத்தில் ஐம்பதாயிரம் சொற்களைத் தொட்டவர்கள், கடைசி ஞாயிற்றுக்கிழமை நாகேஸ்வரராவ் பூங்காவில் எல்லார் முன்னாலும் நின்று தங்கள் நாவலிலிருந்து வாசிக்கலாம்.

"பொன்மணிய முன்னாடி சேர்ல உக்கார வச்சிட்டுப் படிக்கப் போறேன். எங்க கதை நைனா அது."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பொன்மணி அவன் மனைவி. எங்கள் பஸ்ஸில் தினமும் வந்த பெண்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை என்பது வேறு. சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதில் தட்டை எடுத்து வைக்கிற ரகம். போன தீபாவளிக்கு முட்டி வலியோடு அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தவள், "இத்தினி வருசத்துல எனக்குன்னு நீ இன்னாய்யா பண்ணிகிற?" என்று கேட்டுவிட்டாளாம். அவள் கேட்டதை அன்றைக்கே மறந்திருப்பாள். இவனுக்கு மறக்கவில்லை. ஒரு வருடமாகக் குடைந்துகொண்டே இருந்திருக்கிறது. நாவல்தான் பதில் என்று முடிவு கட்டிவிட்டான். வேறு யாராக இருந்தாலும் ஒரு புடவை வாங்கிக் கொடுத்து முடித்திருப்பார்கள்.

எழுதத் தொடங்கினான். செல்போனில், ஒரே விரலில், டிக்கெட் கிழிக்கிற அதே கட்டை விரலில். காலையில் தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு டீக்கடைக்கு வருவான், பெஞ்சில் உட்கார்ந்து குத்து குத்து என்று குத்துவான். நான் பேசினால் கையைக் காட்டி நிறுத்துவான். பணியில் இருந்தபோது ஒரு விசிலுக்கு நின்று இரண்டு விசிலுக்குக் கிளம்பியவன் நான். ரிட்டயர் ஆன பிறகும் அவன் கையசைவுக்கு நிற்கிறேனே என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

அவன் எழுதிய விதம்தான் வேடிக்கை. நாவலை அத்தியாயமாகப் பிரிக்கவில்லை. ஸ்டாப்பிங்காகப் பிரித்தான். எங்கள் வண்டி பன்னிரண்டு பி. பட்டினப்பாக்கத்தில் கிளம்பி மந்தைவெளி, லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, பனகல் பார்க், கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்கி வடபழனி. அவனுக்கு மனிதர்கள் ஞாபகம் இருப்பதே அந்த வரிசையில்தான். பெயரைச் சொன்னால் விழிப்பான். "ஆழ்வார்பேட்டைல ஏறுவாரே, சோடாபுட்டிக் கண்ணாடி, எப்பவும் நூறு ரூபாய நீட்டுவாரே" என்றால் மொத்த ஜாதகமும் வரும். எல்லாக் கண்டக்டர்களுமே அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முதல் வாரம் அவன் எழுதியதை அவனே எனக்கு அனுப்பி வைத்தான். கிண்டல் பண்ணலாம் என்று படிக்க உட்கார்ந்தேன். முடியவில்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் பல்லவன் என்று எழுதியிருந்த காலம் அது. விரலிடுக்கில் கலர் கலராக டிக்கெட் கட்டுகள். விடிகாலை முதல் டிரிப்பில் லஸ்ஸுக்குக் கூடைகளோடு வரும் பூக்காரிகள், அவர்கள் இறங்கிப் போன பிறகும் மத்தியானம் வரை வண்டிக்குள் நிற்கும் கதம்ப வாசனை. மார்கழியில் சபாவிலிருந்து திரும்பும் மாமிகள், பாட்டை விட்டுவிட்டு கேன்டீன் அடையைப் பற்றி ஆழ்வார்பேட்டை வரை விவாதிப்பது. மழைக்கு ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு, ஈரத் துணி நெடியில் நூறு பேர் மூச்சு விடுவது. அடையாற்றுக் கரையிலிருந்து நடந்து வந்து ஏறும் சித்தாள்கள் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். ஒரு நாள் காலை அந்தக் கூட்டத்தையே காணவில்லை. குடிசைகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்ததாம். 'அன்றைக்கு எல்லாருக்கும் உட்கார இடம் கிடைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை' என்று முடித்திருந்தான்.

படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிரைவருக்கு முன்னால் ரோடு, பக்கத்தில் கண்ணாடி, அவ்வளவுதான். என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஊரே ஏறி இறங்கியிருக்கிறது, நான் கியர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தகரம் அடித்துப் பாதி ரோட்டை மறைத்துவிட்டார்கள். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று அங்கேயே பிறந்தவனுக்கும் தெரியவில்லை. அவன் செல்போனுக்குள்தான் எல்லா ஸ்டாப்பிங்கும் அதனதன் இடத்தில் இருந்தன.

குழுவில் கைதட்டல் படம், பூங்கொத்துப் படம் எல்லாம் வந்து விழுந்தன. டில்லிபாபு தலை கால் புரியாமல் திரிந்தான். அப்போதுதான் வெங்கடரமணன் வாயைத் திறந்தார். மாட வீதிக்காரர், கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் போட்டியில் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அரிசியில் கல் பொறுக்குகிறவர். 'சார், ரொம்ப நன்னா இருக்கு. ஆனா உங்க கதையில யாருமே ஆத்துக்குப் போமாட்டேங்கறாளே? ஸ்டாப்பிங்ல எறங்கினதும் எல்லாரும் காணாம போயிடறா. அப்பறம் அவாளுக்கு என்ன ஆச்சு?' என்று எழுதினார்.

டில்லிபாபு அதை என்னிடம் காட்டினான். முகம் தொங்கிவிட்டது.

"எறங்கினப்புறம் அவுங்க எங்க போனாங்கன்னு எனக்கு எப்டி நைனா தெரியும்? விசில் குடுக்கறதா, பின்னாடியே போறதா?"

வாஸ்தவம்தான். பத்து வருடம் தினமும் பார்த்த முகத்தைப் பற்றி அவனுக்கு ஏறும் இடமும் இறங்கும் இடமும்தான் தெரியும். நடுவில் உள்ளதைத்தான் அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

சரி, கதாநாயகி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னேன். கதாநாயகியும் வந்தாள். லஸ்ஸில் ஏறினாள். நீலப் பாவாடை தாவணி, ஒற்றை ஜடை, ஜன்னலோர சீட்டு, காற்றில் பறக்கும் முடி. தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை. காலையில் பனகல் பார்க்கில் இறங்குவாள். மாலையில் அதே இடத்தில் ஏறுவாள். எத்தனையோ பஸ் ஓடும் ரூட்டில், எங்கள் வண்டி வரும் நேரத்துக்குச் சரியாக அவள் வந்து நிற்பாள். 'விதி அவளை என் வண்டிக்கென்றே அனுப்பி வைத்தது. கடவுள் போட்ட முடிச்சு' என்று உருகியிருந்தான். இப்படியே இருபதாயிரம் சொல் உருகினான்.

வெங்கடரமணன் விடுவாரா? 'சார், இது நம்பும்படியா இல்லை. எங்காத்துல பத்து வருஷமா ஒரே பஸ்ஸை ஓடி ஓடி விட்டுண்டிருக்கா. இந்தப் பொண்ணு மட்டும் தினமும் அதே வண்டியப் பிடிக்கறதுன்னா, சினிமாவா இருக்கு' என்றார். டில்லிபாபுவுக்கு வந்ததே கோபம். 'இது உண்மைக் கதை. என் மனைவி சாட்சி' என்று பெரிய எழுத்தில் பதில் போட்டான். போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சாட்சியைக் கையோடு சாட்சி சொல்ல வைக்கலாம் என்று செல்போனைக் கொண்டுபோய் பொன்மணியிடம் கொடுத்தான். பூங்காவில் வாசிக்கும்வரை அவளுக்குக் காட்டக் கூடாது என்று வைத்திருந்த வைராக்கியம் வெங்கடரமணனால் போயிற்று.

நான் அன்று கானாங்கெளுத்தி மீன் கொடுக்க அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அதனால் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். பொன்மணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். அடுப்பில் சாம்பார் கொதித்து வழிந்தது. எழுந்திருக்கவில்லை. கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருய்யா இவ?"

"நீதான்."

"நானு லஸ்ல எந்தக் காலத்துல ஏறினேன்? எங்க வூடு மந்தவெளி மார்க்கெட்டாண்ட. ஜன்னல் சீட்டு எனக்கு ஒரு நாள் கெடச்சிருக்குமா? நீலப் பாவாடையாம், தாவணியாம். கடையில குடுத்த மெரூன் பொடவதானே அல்லாரும் கட்டிக்கினு போவோம்?"

டில்லிபாபு என்னைப் பார்த்தான். "நைனா, நீ சொல்லு, பொன்மணி லஸ்ல தானே…"

"எனக்கு ரோடுதான் தெரியும். முதுகுக்குப் பின்னாடி நடந்த உன் காதலுக்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாத" என்றேன்.

அவனைத் திட்டிப் பயனில்லை. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் முகங்கள். லஸ்ஸில் ஏறிய யாரோ ஒரு தாவணியும், தேனாம்பேட்டையில் ஏறிய யாரோ ஒரு ஜடையும், ஜன்னலோரம் உட்கார்ந்த யாரோ ஒருத்தியும் சேர்ந்து, வருடங்கள் போகப் போக ஒரே பெண்ணாக ஆகிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குத் தன் பெண்டாட்டி பெயரை வைத்துவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை. அவன் அதை மனமார நம்பினான், அதுதான் கொடுமை.

பொன்மணி சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகப் பேசினாள்.

"காலைல பனகல் பார்க்ல எறங்குவேன். சாயங்காலம் திரும்ப ஏறுவேன். நடுவுல நா எங்க போனேன், இன்னா பண்ணேன்னு ஒரு நாளாச்சும் கேட்டுகிறியா? ஒரே வூட்ல இத்தினி வருசமா கீறோம். உனக்கு என்னிய பனகல் பார்க் வரைக்கும்தான்யா தெரியும்."

சாம்பாரை இறக்கப் போய்விட்டாள். நான் மீனைத் திண்டில் வைத்துவிட்டு நழுவினேன். ஆம்பிளை அவமானப்படும் இடத்தில் சிநேகிதன் நிற்கக் கூடாது.

இரண்டு நாள் டில்லிபாபு டீக்கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் இருவரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். அவன் முகம் சவரம் செய்து பளபளவென்று இருந்தது. கையில் குடை.

"அண்ணே, கெளம்புங்க. தி.நகர் போறோம். இவுருக்கு நா வேல செஞ்ச எடத்தப் பாக்கணுமாம்" என்றாள் பொன்மணி. "நீங்களும் வாங்க. தனியா வந்தா இவுரு பாதி வழியில அழுதுட்டா யாரு புடிக்கறது?"

அவள் கேலியில் கோபம் பாதி இறங்கியிருந்தது தெரிந்தது. போனோம். பெண்களுக்கு இப்போது பஸ் இலவசம். பொன்மணி ராஜாத்தி மாதிரி முன்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் பிரேக் போடும் லட்சணத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். டில்லிபாபு எந்தச் சீட்டிலும் உட்காரவில்லை. பழக்கம்.

பனகல் பார்க்கில் இறங்கினோம். அங்கேயும் தகரம், மண்மேடு, கிரேன். அந்த இடத்தை ஆயிரக்கணக்கான தடவை கடந்தவர்கள் நாங்கள். இறங்கி நடந்தது அன்றுதான். பொன்மணி முட்டியைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாகக் கூட்டிப் போனாள். அவள் வேலை செய்த கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் நகைக்கடை ஒன்று கண்ணாடியும் வெளிச்சமுமாக நின்றது. பின்பக்கம் ஒரு பழைய படிக்கட்டு மட்டும் மிச்சமிருந்தது.

"இங்கதான் சாப்புடுவோம். மத்தியானம் படிக்கு ரெண்டு பேரா குந்திக்கினு. அது ஒண்ணுதான் உக்கார்ற நேரம். உள்ள ஸ்டூல் கெடையாது, செவுத்துல சாஞ்சாக்கூட சூப்பர்வைசர் பாத்துக்கினே இருப்பான். இப்பதான் உக்கார சேர் போடணும்னு சட்டம் போட்டுகிறாங்களாம். என் காலு போனப்புறம்."

டில்லிபாபு அந்தப் படியைக் குனிந்து தொட்டுப் பார்த்தான். செல்போனை எடுக்கவில்லை.

திரும்ப பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். ஸ்டாப் இடம் மாறியிருந்தது. பொன்மணி அதற்கு நிற்காமல் பூங்காக் கம்பி வேலி பக்கமாகப் போய் ஓரிடத்தில் நின்றாள்.

"இங்கதான் நிப்பேன். ஏழு மணிக்கு எங்கள வுட்ருவாங்க. நேரா இங்க வந்துருவேன்."

டில்லிபாபு நெற்றியைச் சுருக்கினான். கண்டக்டர் மூளை வேலை செய்வது எனக்குத் தெரிந்தது. "ஏழுக்கா? நம்ம வண்டி எட்டரைக்குத்தான இங்க வரும். இன்னா நைனா?"

"எட்டரை. பாலத்துல மாட்டிக்கினா ஒம்போது" என்றேன்.

"நடுவுல வேற பன்னெண்டு பி வந்திருக்குமே?"

"வரும். போவும்" என்றாள் பொன்மணி.

"அப்ப ஏன் ஏறல?"

பொன்மணி என்னைப் பார்த்தாள். இந்த மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்தினேன் பாருங்கள் என்கிற பார்வை அது.

"ஒரு நாளு நா நிக்க முடியாம கம்பியப் புடிச்சித் தொங்கிக்கினு இருந்தேன். காலு வீங்கிப் போயி செருப்பு பத்தல. நீ ஒண்ணும் பேசல. உன் சீட்டுல இருந்த தோல்பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கினு, 'குந்து'ன்னு சொல்லிட்டு டிக்கெட் போடப் போய்ட்ட. கண்டக்டர் சீட்டு. செக்கிங் பாத்தா உனக்குத்தான் பேஜாரு. அன்னிலேந்து நா வேற வண்டியில ஏறல. விதின்னு எழுதிகிற. கடவுள் அனுப்பினாருன்னு எழுதிகிற. கடவுளா வந்து நின்னாரு? நா நின்னேன்யா. காலைலேந்து கடையில நின்னுட்டு, இங்க வந்தும் நின்னேன்."

எங்களைச் சுற்றி தி.நகர் கத்திக்கொண்டிருந்தது. கோடம்பாக்கம் பாலத்தில் நான் ஹார்ன் அடித்துக்கொண்டு மாட்டிக் கிடந்த சாயங்காலங்கள் எத்தனை! அத்தனை நாளும் இந்தப் பெண் இங்கே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருக்கிறாள். அவள் கால் வீங்கியிருக்கிறதே என்றுதான் இவன் அன்றைக்கு சீட் கொடுத்தான். இவன் வண்டிக்காக நின்றுதான் அது இன்னும் வீங்கியிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மெட்ரோ தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

"ஏன் சொல்லல நீ?" என்றான் டில்லிபாபு.

"நீ கேக்கல. டிக்கெட்டு கேட்ட, சில்லற இருக்கான்னு கேட்ட. இதக் கேக்கல."

பன்னிரண்டு பி வந்தது. கூட்டமே இல்லை. நான் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினால் இருவரும் நகரவில்லை. "நீங்க போங்கண்ணே, நாங்க அடுத்ததுல வர்றோம்" என்றாள். காலியாக வருகிற வண்டியை விட்டுவிட்டு நிற்கிறவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டில்லிபாபு பக்கத்து இளநீர்க் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து அவளை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே லஸ் பெண்ணை எடுத்துவிட்டான். மொத்தமாக. இருபதாயிரம் சொல். மாதம் முடிய சில நாட்கள்தான் பாக்கி, கோட்டைத் தொடப் போகும் நேரம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அடப்பாவி, ஜெயிச்சதுக்கு அப்புறம் அழிச்சா ஆகாதா? அவங்க என்ன ஒவ்வொரு வரியையும் விசாரிக்கவா போறாங்க? அது அப்படியே இருக்கட்டும்டா."

"அது அவ இல்ல நைனா" என்றான்.

கணக்கு எட்டவில்லை. எப்படி எட்டும்? கடைசி ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நாங்கள் மூவரும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். ஜெயித்தவர்கள் வரிசையாக வாசித்தார்கள். வெங்கடரமணனும் வாசித்தார், நன்றாகவே இருந்தது. எல்லாம் முடிந்ததும் சிம்ரா மைக்கைப் பிடித்து, "டில்லிபாபு அங்கிள், நீங்களும் ஒரு பக்கம் படிங்க. கணக்கை விடுங்க" என்றாள். நல்ல பெண்.

போய் நின்றான். அவன் படித்தது புதிதாக எழுதியது. ஜவுளிக்கடைப் படிக்கட்டில் தொடங்கியது. மெரூன் புடவை, ஸ்டூல் இல்லாத கடை, பத்தாமல் போன செருப்பு. ஒரு பெண் தன் வண்டிக்காக மற்ற வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு நின்றது. தனக்கு அது இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்தது. 'நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று கேட்டாள். ஒரு சீட் கொடுத்தேன். அவள் எனக்கு என்ன செய்தாள் என்று நான் கேட்கவே இல்லை' என்று படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க நிறுத்தினான்.

அந்த இடைவெளியில் வெங்கடரமணன், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே சொன்னார். "எழுத்து நன்னா இருக்கு. ஆனா பாருங்கோ, நாள் பூரா நின்னுட்டு வந்தவ, கைல வர பஸ்ஸையெல்லாம் விட்டுண்டு ஒண்ணரை மணி நேரம் நிப்பாளா? யார் நிப்பா?"

எனக்குச் சுரீரென்றது. வாயைத் திறந்திருப்பேன். அதற்குள் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பொன்மணி ஒரு கையால் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு எழுந்தாள். எல்லாரும் திரும்பினார்கள்.

"நின்னேங்க" என்றாள். "நாந்தான்."

வெங்கடரமணன் எழுந்து அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் உட்காரவில்லை. டில்லிபாபு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினான். அவன் முடிக்கிறவரை அவள் நின்றுகொண்டே கேட்டாள்.